பத்தாம் நம்பர் ஸ்பேனர்

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கேட்டுவிட்டதால் என் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

காருக்குப் புது பேட்டரி வாங்கியதும் உங்களைத்தான் கூப்பிட்டேன். மாட்டிய பிறகு, பேட்டரி புதுசு என்று வண்டியின் கம்ப்யூட்டரில் பதிய கோடிங் செய்ய வேண்டும் என்றேன். "அதெல்லாம் சும்மா பம்மாத்து. பழசக் கழட்டு, புதுச மாட்டு, அவ்வளவுதான். பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்று போனை வைத்துவிட்டீர்கள். முப்பது வருட மெக்கானிக் பேச்சை நம்பினேன். மறுநாளே எச்சரிக்கை விளக்கு எரிந்தது.

ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகி, போன் வழியாக நானே கோடிங் செய்துவிட்டேன். அதைச் செய்யாவிட்டால் பழைய பேட்டரிதான் இருக்கிறது என்று நினைத்தே வண்டி சார்ஜ் ஏற்றுமாம். நீங்களும் அப்படித்தான். பட்டறையைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்த அன்றைக்கு எப்படிப் பார்த்தீர்களோ, இன்றைக்கும் என்னை அப்படியேதான் பார்க்கிறீர்கள்.

தம்பியின் டூல்ஸ் பெட்டியில் என் பத்தாம் நம்பர் ஸ்பேனர் கிடக்கிறது. அனுப்பி வையுங்கள். இங்கே கடையில் கிடைக்கும்தான், எனக்கு அதுதான் வேண்டும். அதில் என் பெயரின் முதலெழுத்தைக் கீறிக் கொடுத்ததே நீங்கள்தான். அன்றைக்கு நான் பொம்பளப் புள்ளை என்பது தெரியவில்லையா?

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்