கொட்டாவி மாமாவை எங்கள் வாசலிலிருந்து அகற்றக் கோருதல்

அனுப்புநர்
கதிர்வீச்சு இயற்பியலாளர்,
குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவு (அடித்தளம்),
பொது மருத்துவமனை.

பெறுநர்
மாநகர ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: மருத்துவமனை நுழைவாயிலுக்கு எதிரே திரையரங்கத்தார் வைத்துள்ள கட்டவுட்டை அகற்றவும், விளம்பர வண்டியின் ஒலிபெருக்கியை நிறுத்தவும், வேடமணிந்தவர்கள் மருத்துவமனைக்குள் வருவதைத் தடுக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். திரைப்படங்களால் மனிதர்கள் கெட்டுப்போகிறார்கள் என்று நம்புகிறவள் அல்ல நான். எந்தப் படத்தையும் தடைசெய்யும்படி இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. இந்த மனுவிலும் கேட்கவில்லை. இது ஒரு வாசலைப் பற்றியும் ஒரு வாக்கியத்தைப் பற்றியுமான மனு.

2. என் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால்தான் புகார் விளங்கும். தலையில் கட்டி உள்ள குழந்தைகளுக்கு எங்கள் பிரிவில் கதிர்வீச்சு சிகிச்சை தரப்படுகிறது. சிகிச்சையின்போது தலை நூலளவும் அசையக் கூடாது. அதற்காக ஒரு பிளாஸ்டிக் வலைத்தகட்டை வெந்நீரில் இளக்கி, குழந்தையின் முகத்தில் படியவைத்து, அது இறுகியதும் முகமூடியாக எடுத்துக்கொள்கிறோம். தினமும் அந்த முகமூடியை மாட்டி அதன் விளிம்பை மேசையோடு பூட்டுவோம். பிறகு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். குழந்தை மட்டும் தனியாக உள்ளே இருக்கும். நாங்கள் அதைத் திரையில் பார்த்துக்கொண்டு மைக்கில் பேசுவோம்.

கதவை மூடுவதற்கு முன் எங்களில் ஒருவர் அறையைச் சுற்றி வந்து, கருவியின் பின்புறத்தையும் மூலைகளையும் பார்த்து, "உள்ளே யாரும் இல்லை" என்று உரக்கச் சொல்லிவிட்டுச் சுவரில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அதை அழுத்தாமல் கருவி ஓடாது. தவறுதலாக வேறு யாரும் உள்ளே சிக்கிவிடக் கூடாது என்பதற்கான விதி இது. மேசையில் படுத்திருக்கும் குழந்தையும் தினமும் இதைக் கேட்கிறது.

3. கொட்டாவி மாமாவைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். தொலைக்காட்சியில் நெடுங்காலம் வந்த குழந்தைகள் நிகழ்ச்சியின் கரடி. தலையில் குல்லாய், கக்கத்தில் தலையணை. அவர் கொட்டாவி விட்டால் பார்க்கிற பிள்ளையும் கொட்டாவி விடும். எனக்குக் குழந்தைகள் இல்லை. ஆனால் என் தங்கையின் பிள்ளைகள் இருவரும் அவர் குரலைக் கேட்டுத்தான் தூங்கி வளர்ந்தார்கள். நிகழ்ச்சி முடிகையில் அவர் சொல்வது ஒரே வாக்கியம்: "கண்ண மூடிக்கோ, மாமா இங்கதான் இருக்கேன்." நம் வீடுகளில் குழந்தையைச் சாப்பிடவைக்கப் பூச்சாண்டியைக் கூப்பிட்டோம், தூங்கவைக்க இந்த மாமாவைக் கூப்பிட்டோம். இருவரும் வேறு வேறு ஆட்கள் என்பதில் எந்தக் குழந்தைக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

எங்கள் தொழில்நுட்பப் பணியாளர், குழந்தைகள் 'மிஷின் அக்கா' என்று அழைப்பவர், முகமூடிகளுக்கு வண்ணம் தீட்டுவார். புலியும் போலீஸ்காரரும் கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலானோர் கேட்டது கொட்டாவி மாமாவை. கருவியை ஓட்டும்போது மிஷின் அக்காவே மைக்கில் குரலைத் தடிக்கவைத்து அந்த வாக்கியத்தைச் சொல்வார். அவருக்குச் சளி பிடித்த நாட்களில் குரல் இன்னும் பொருத்தமாக இருக்கும் என்பது எங்களுக்குள் ஒரு கேலி. மருத்துவமனை வாசலிலிருந்து அடித்தளம்வரை தரையில் மாமாவின் பாதச் சுவடுகளையும் வரைந்திருக்கிறோம். குழந்தைகள் அவற்றின் மேல் குதித்துக் குதித்து வருவார்கள்.

4. அப்படி வந்தவர்களில் ஒருத்திக்காகவே இந்த மனு. ஏழு வயது. அம்மா தையல் வேலை செய்பவர். அப்பா லாரி ஓட்டுபவர், பெரும்பாலும் ஊரில் இருப்பதில்லை. அவளுக்கு வார்டில் வைத்த பெயர் வாயாடி. முகமூடியைப் பூட்டினால் தாடை அசையாது என்பதால் அந்த நேரம் மட்டும் அவள் வாய் ஓயும். "பத்து நிமிஷம் எனக்கு நிம்மதி" என்பார் அவள் அம்மா. சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். மாமா முகமூடியை மாட்டியதும் வாயாடி உள்ளிருந்து ஒரு உறுமல் உறுமுவாள். தான் கொட்டாவி விடுவதாக எங்களுக்குத் தெரிவிக்கும் விதம் அது.

5. அந்த நிகழ்ச்சியைத் தயாரித்த நிறுவனம் எப்போதோ மூடப்பட்டுவிட்டதாம். உரிமை கேட்க ஆளில்லை என்பதால் யாரோ சிலர் அதே கரடியைக் கொலைகாரனாக்கி ஒரு படம் எடுத்திருக்கிறார்கள். பார்க்காமல் குறை சொல்லக் கூடாது என்று பகல் காட்சிக்குச் சென்று பார்த்தேன். ஒரே வீடு, நான்கு நடிகர்கள். ரத்தம் என்று காட்டியது ஜாம்போல் இருந்தது. வெட்டுப்பட்டு இறந்தவர் அடுத்த காட்சியில் மூச்சு விடுகிறார். எனக்கு முன்வரிசையில் ஒருவர், "யோவ், செத்தவன் மூக்கைச் சொறியறான்யா" என்று சொல்ல அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆனால் ஒன்றை அவர்கள் மாற்றவில்லை. கட்டிலில் குழந்தை தனியாகப் படுத்திருக்கிறது. மூலையில் இருட்டு. அங்கிருந்து, கொட்டாவி இல்லாமல், மூச்சுச் சத்தமும் இல்லாமல் குரல் வருகிறது: "கண்ண மூடிக்கோ, மாமா இங்கதான் இருக்கேன்." ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. அப்போது அரங்கில் யாரும் சிரிக்கவில்லை.

6. படம் பெரியவர்களுக்கு மட்டும் என்று சான்றிதழ் பெற்றிருப்பதாகத் திரையரங்க மேலாளர் என்னிடம் சொன்னார். உண்மைதான். படத்துக்கு வயது வரம்பு உண்டு, தெருவுக்கு இல்லை. கட்டவுட் எங்கள் வாசலுக்கு நேர் எதிரே இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கிறது. கையில் அரிவாள், குல்லாயும் தலையணையும் அப்படியே. விளம்பர வண்டி காலையிலும் மாலையிலும் எங்கள் தெருவில் ஊர்ந்தபடி அந்த வாக்கியத்தை ஒலிபரப்புகிறது. இங்கு வரும் குழந்தைகளில் எவரும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது.

7. சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை காலை நடந்ததை உள்ளபடியே எழுதுகிறேன். விளம்பரத்துக்காக மாமா வேடம் போட்ட ஒருவர், கைப்பேசியில் படம் பிடிக்கும் இன்னொருவருடன், மருத்துவமனைக்குள் வந்தார். வாசல் காவலர் அந்த நிகழ்ச்சியைப் பார்த்து வளர்ந்தவர். இந்தப் படத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர். கட்டவுட்டைக்கூட அவர் நிமிர்ந்து பார்த்ததில்லையாம். நான் விளக்கம் கேட்டபோது, "நம்ம கொட்டாவி மாமா தானேன்னு விட்டேன் மேடம். வாங்க மாமான்னு சல்யூட்கூட அடிச்சேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வந்தவர் வழி கேட்கவும் இல்லை. தரையில் நாங்கள் வரைந்திருந்த பாதச் சுவடுகளைப் பார்த்துக்கொண்டே அடித்தளம்வரை இறங்கி வந்துவிட்டார்.

வாயாடி உள்ளே இருந்தாள். முகமூடி பூட்டப்பட்டிருந்தது. அறையைச் சுற்றிப் பார்த்து, "உள்ளே யாரும் இல்லை" என்று சொன்னவள் நான். கதவு மூடியது, கருவி ஓடத் தொடங்கியது. மிஷின் அக்கா வழக்கம்போல் மைக் பொத்தானை அழுத்தி, பேசுவதற்காக மூச்சை இழுத்தார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல், படத்தில் உள்ள அதே குரலில், முந்திக்கொண்டது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். விரல் பொத்தானை விட்டு எடுபடவில்லை. முழு வாக்கியமும் உள்ளே போனது.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றின் மேல் கோத்திருந்த அவள் கைகள் பிரிந்தன. மெதுவாக மேலே வந்தன. முகமூடியைத் தடவின. அது மாமாவின் முகம் என்பது அவளுக்கு அப்போது நினைவு வந்திருக்க வேண்டும். கைகளை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கத்த முடியாது, தாடை பூட்டியிருக்கிறது. மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. அதை நான் எழுத்தில் எழுத முயலவில்லை. கருவியை உடனே நிறுத்திவிட்டேன். ஆனால் கதிர்வீச்சைத் தடுக்கும் அந்தக் கதவு மிகக் கனமானது. நம் அவசரம் அதற்குத் தெரியாது. அது திறக்கும்வரை, மூலையில் யாரோ நிற்கிறார் என்ற முழு நம்பிக்கையோடு அவள் அங்கே தனியாக இருந்தாள்.

வேடதாரி கரடித் தலையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இருபது வயதுக்கு மேல் இருக்காது; முகமெல்லாம் வியர்வை. "சாரி மேடம், குழந்தைங்க சிரிக்கும்னுதான் நெனச்சேன்" என்று அழுதுவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அம்மாவின் தோளில் வெளியே வந்த வாயாடி கண்டது, ஒரே உடம்பில் இரண்டு தலைகளை.

8. அதன்பின் அவள் மேசையில் ஏறவில்லை. அதிகம் பேசுவதும் இல்லை. மறுநாள் அவளையும் அவள் அம்மாவையும் கட்டுப்பாட்டு அறையில் உட்காரவைத்து, மைக்கைக் காட்டி, அவளையே அழுத்திப் பேசச் சொல்லி, குரல் எப்படி வெளியிலிருந்து உள்ளே போகிறது என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "மைக்ல பேசினா அவரு வெளியில இருக்காருன்னு அர்த்தம். ஆனா அவரு இங்கதான் இருக்கேன்னு சொன்னாரே. யாரும் இல்லைன்னு நீங்கதான சொன்னீங்க. அப்ப பொய் சொன்னது யாரு?"

இத்தனை காலமாக அடுத்தடுத்து நாங்கள் சொல்லிவந்த இரண்டு வாக்கியங்கள் ஒன்றுக்கொன்று முரணானவை என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. ஒன்றை விதிக்காகவும் மற்றதை அன்புக்காகவும் சொன்னோம்.

முகமூடியின் வண்ணத்தை மிஷின் அக்கா சுரண்டி எடுத்து வெள்ளையாக்கிக் காட்டினார். வாயாடி அதைத் தொட மறுத்துவிட்டாள். "பெயிண்ட சொரண்டினா மாமா போயிருவாரா? உள்ளதான இருப்பாரு" என்றாள். வேறு இரு குழந்தைகளும் தங்கள் முகமூடிகளை மாற்றச் சொல்லி அழுதார்கள். சுவடுகளை அழித்துவிட்டோம், தரையில் கறைபோல் இன்னும் தெரிகின்றன.

9. இது குழந்தைத்தனமான பயம், நாளாவட்டத்தில் சரியாகிவிடும் என்று தாங்கள் கருதலாம். நாள்தான் எங்களிடம் இல்லை. சிகிச்சை பாதியில் நின்றிருக்கிறது. இந்த இடைவெளியில் கட்டி மீண்டும் வளரத் தொடங்கும், அடுத்த வாரமும் தவறினால் இதுவரை செய்தது வீணாகலாம் என்று மருத்துவர் அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். தினமும் மயக்க மருந்து கொடுத்துச் செய்யலாமா என்றால், அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியிருப்பதால் மயக்கவியல் மருத்துவர் சம்மதிக்கவில்லை. அவள் விழித்திருக்க வேண்டும். தனியாக, அசையாமல் படுத்திருக்க வேண்டும். பயந்த குழந்தையால் அது முடியாது.

10. என்னைப் பற்றி எழுதுவது மனுவுக்குப் பொருத்தமில்லை. இருப்பினும், பயத்தை அறிவால் விரட்டிவிடலாம் என்று யாரேனும் தங்களிடம் வாதிட்டால் பயன்படும் என்பதற்காக எழுதுகிறேன். அதே வாரம் வியாழக்கிழமை பிற்பகல், நோயாளிகள் போன பிறகு, கருவியைச் சோதிக்க அந்த அறைக்குள் தனியாக இருந்தேன். காற்றுக்குழாய் வழியாக விளம்பர வண்டியின் குரல் இறங்கி வந்தது. அந்தக் குழாய் எந்தச் சுவர் வழியாகப் போய்த் தெருப்பக்கம் எங்கே திறக்கிறது என்பது எனக்குத் தெரியும். கட்டடத்தின் வரைபடத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவளே நான்தான். ஆனாலும் நான் மூலைப்பக்கம் திரும்பவில்லை. பார்வையைக் கதவிலேயே வைத்துக்கொண்டு நடந்து வெளியே வந்தேன். அன்றுமுதல் அறையை இரண்டு முறை சுற்றிப் பார்க்கிறேன். இரண்டாவது முறை எதற்கு என்று மிஷின் அக்கா கேட்பதில்லை. அவரும் அப்படித்தான் செய்கிறார்.

11. திரையரங்க மேலாளரை நேரில் சந்தித்தேன். மரியாதையாகவே பேசினார். "படிச்சவங்க நீங்களே இப்படி பயந்தா எப்படி மேடம்? இது சும்மா டுபாக்கூர் படம்" என்று சொல்லி, வார்டுக்கு இலவச டிக்கெட் தருவதாகவும் சொன்னார். காவல் நிலையத்தில், கட்டவுட் மாநகராட்சி அனுமதி பெற்றது, தங்களிடம்தான் முறையிட வேண்டும் என்றார்கள். ஆகவே தங்களிடம் வந்திருக்கிறேன்.

12. எனவே, எதிரே உள்ள கட்டவுட்டை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் இறக்கவும், மருத்துவமனை உள்ள தெருவில் விளம்பர வண்டி குரல் எழுப்பாமல் இருக்கவும், வேடதாரிகள் எவரும் உள்ளே வராமல் இருக்கவும் ஆணையிட வேண்டுகிறேன். படம் ஓடட்டும். அதன் விளம்பரம் வேறு தெருவில் நடக்கட்டும்.

13. வாயாடி திங்கட்கிழமை காலை வருகிறாள். மருத்துவமனைக்கு இருப்பது ஒரே வாசல். தலையில் துணியைப் போர்த்தித் தூக்கி வருவதாக அவள் அம்மா சொல்லியிருக்கிறார். காதை என்ன செய்வது என்று கேட்டார். மைக்கில் இனி அந்த வாக்கியத்தை நாங்கள் சொல்லப்போவதில்லை. அதற்குப் பதிலாக என்ன சொல்வது என்பதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. 'பயப்படாதே' என்று சொல்லிப் பார்த்தோம். அதில் பயம்தான் முதலில் கேட்கிறது.

கதவை மூடும் முன் நான் சொல்லியாக வேண்டிய வாக்கியம் மட்டும் மாறாது. திங்கட்கிழமையும் அந்த அறையைச் சுற்றி வந்து, அவள் காதில் விழும்படி அதைச் சொல்வேன். உள்ளே யாரும் இல்லை என்று நான் சொல்லும்போது அவள் அதை நம்ப வேண்டும். அதற்குத் தாங்கள் உதவ வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: மருத்துவமனை அடித்தளம்

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
கதிர்வீச்சு இயற்பியலாளர்

உடன் கையொப்பமிடுபவர்கள்: 'மிஷின் அக்கா' (தொழில்நுட்பப் பணியாளர்), வாயாடியின் அம்மா (தையல்காரர்), வாசல் காவலர்.