முள் நசுக்கிய தூண்டில்

அண்ணா,

இன்று காலை பசைக் குப்பியைத் திறந்ததும் உன் நினைவுதான் முதலில் வந்தது. நகப்பூச்சு போன்ற அந்த நெடியை நீ ஒருவன் மட்டும் வாசனை என்பாய். புது ஆர்டர் வந்திருக்கிறது. தூண்டிலில் கறுப்பு நூலால் ஊதா இறகு வைத்துக் கட்டும் பெரிய பொய்ப்பூச்சி, ஸ்டீல்ஹெட் மீனை ஏமாற்ற. உன் இடத்தில் இப்போது வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். தூண்டில் முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு முள்ளை அவள் குறட்டால் நசுக்கித் தருகிறாள், நான் இறகு கட்டுகிறேன். நீ நசுக்கியதில் விரல் வழுக்கிக்கொண்டு போகும். அவளுடையது கொஞ்சம் உறுத்துகிறது. நானே இன்னொரு முறை நசுக்கிக்கொள்கிறேன்.

பூச்சிகளைக் குத்தி அனுப்பும் அட்டையில் அதே படம்தான். இடுப்பளவு தண்ணீரில் ஒரு வெள்ளைக்கார அப்பா, இரண்டு பிள்ளைகள், பின்னால் சிரிக்கும் நண்பர்கள். எல்லோரும் ட்ரவுட் மீன் பிடிக்க வந்தவர்கள். "இவங்களுக்கு ஒரு வேலையும் இல்ல போல" என்று நீ சொல்வாய். சொல்லிவிட்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியதும், லைங் தாயா தொழிற்பேட்டையில் உள்ள இந்தப் பட்டறைக்கு நீதான் என்னைக் கூட்டி வந்தாய். மேற்பார்வைக்கார அம்மா என் பெயரைக் கேட்டார்கள். வெளியார் முன் பேச்சு வராமல் நான் தரையைப் பார்த்தேன். "என் தங்கச்சி. இதுக்கு வாய் கிடையாது, கை உண்டு" என்று சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தாய். திரும்பும்போது பட்டறை பஸ்ஸில் நம் நிறுத்தம் வந்தால் நீதான் குரல் கொடுப்பாய். இப்போது யாராவது அங்கே இறங்கினால்தான் நானும் இறங்குகிறேன். இல்லாத நாட்களில் பஸ் தாண்டிப் போய்விடுகிறது. அடுத்த நிறுத்தத்திலிருந்து நடந்து வருகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது, அதற்குப் பிறகுதான் மற்றது வருகிறது. நீ, நான், அம்மா, உன் கூட்டாளி கோ மின். நம் வீட்டுச் சாம்பாருக்காகவே தமிழ் கற்றுக்கொண்ட பர்மியப் பையன். தன்லியின் என்ற ஊரின் பாலம் தாண்டி, ஆற்றங்கரையில் இருக்கும் கியாக்தானுக்குப் போனோம். பட்டறையில் கழித்துப் போட்ட ஊதாப் பூச்சி ஒன்றை மூங்கில் கழியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாய்.

"சாப்பிட மாட்டான், விக்க மாட்டான். அப்புறம் எதுக்கு மீன் பிடிக்கிறான் அந்த வெள்ளைக்காரன்?" என்றான் கோ மின்.

"பிடிச்சு, மூஞ்சியப் பாத்துட்டு விட்டுடுவாங்கடா."

"பொண்ணு பாக்கப் போற மாதிரியா?" என்றாள் அம்மா.

போனில் பார்த்ததுபோலக் கழியைப் பின்னால் வீசினாய். பூச்சி போய் அம்மாவின் கொண்டையில் மாட்டிக்கொண்டது. "ஸ்டீல்ஹெட் விழுந்திடுச்சு!" என்று கோ மின் கத்தினான். "எடுடா சனியனே" என்று அம்மா அடிக்க வந்தாள். நீ மெல்ல இழுத்தாய். ஒரு முடிகூட அறாமல் வழுக்கிக்கொண்டு வந்தது.

"வலிச்சுதாம்மா? மீனுக்கும் இப்படித்தான். முள்ளுதான் இல்லையே."

அத்தோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். ஆற்றின் நடுவே இருக்கும் புத்தர் கோயிலான பகோடாவுக்குப் படகில் போனோம். அங்கே படியோரம் கெளுத்திகள் வாயைத் திறந்துகொண்டு கும்பலாக நிற்கும். பொரி போடலாம். பிடிக்கக் கூடாது, அவை பகோடாவின் மீன்கள். அது உனக்கும் தெரியும். முள் நசுக்கிய தூண்டிலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்று நினைத்துவிட்டாய். எப்படியும் விடத்தானே போகிறோம் என்றாய். பூச்சி தண்ணீரைத் தொட்டதும் ஒரு பெரிய கெளுத்தி கவ்வியது. கழி வளைந்தது. நீ சிரித்தாய். நானும் வாய்விட்டுச் சிரித்தேன், அத்தனை பேருக்கு முன்னால்.

பொரி விற்கும் தமிழ் அம்மாள் முறத்தோடு ஓடி வந்தார்கள். "பகோடா மீன்லயாடா கை வைக்கிற?"

"விட்டுடத்தாம்மா பிடிச்சேன்."

"விடறதுக்கு எதுக்குடா பிடிக்கிற?"

நூலைத் தளர்த்தினாய். மீன் தானாகவே கழன்று போயிற்று. அம்மா படியிலேயே மண்டியிட்டுக் கும்பிட்டாள். பஸ்ஸில் அவள் உன்னை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த மழைக்காலத்தில், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் உன் பெயர் வந்தது. பட்டாளத்துக்குப் போகாமல் தப்பிக்க நீயும் கோ மின்னும் தாய்லாந்து எல்லைக்குப் புறப்பட்டீர்கள். போகும்போது இந்த ஊதாப் பூச்சியை என் கையில் வைத்தாய். "பத்திரம். வந்து வாங்கிக்கிறேன்." எல்லை ஆற்றில் வெள்ளம். படகு கவிழ்ந்தது. கோ மின் கரையேறினான். அக்கரையிலிருந்து போன் செய்தான், அழுதான், நீ ஏறி வந்ததைப் பார்க்கவில்லை என்றான். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். உன் உடலும் கிடைக்கவில்லை.

தண்ணீர் உன்னை எடுத்ததற்குக் காரணம் அந்தக் கெளுத்திதான் என்று அம்மா நம்புகிறாள். போன வருடம் புத்தர் பிறந்த கஸோன் மாதப் பௌர்ணமிக்குச் சந்தையில் உயிர் மீன் வாங்கிப் போய் அந்தப் படியிலேயே விட்டாள். பர்மியர்கள் புண்ணியத்துக்கு விடுவார்கள். அவள் மீன்களை விட்டது உன்னைத் திருப்பிக் கேட்டு. ஒவ்வொரு மீனையும் விடும்போது ஏதோ முணுமுணுத்தாள்.

இந்த வருடம் அவள் மீன் வாங்கவில்லை. மாமா வந்து, "எத்தனை நாள் இப்படியே வச்சிருப்ப? செய்யறதச் செஞ்சு அனுப்பிடுக்கா" என்றார். எனக்கு வேண்டாம் என்று இருந்தது. செய்துவிட்டால் நீ செத்துப்போனவன் ஆகிவிடுவாய். அதைச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. போன ஞாயிறு கியாக்தான் கரையிலேயே ஐயர் மந்திரம் சொல்ல, மாமா உனக்குப் பிண்டம் வைத்தார். அதை ஆற்றில் விட்டதும் கெளுத்திகள் வந்தன. உருண்டையைக் கரையக்கூட விடவில்லை.

அம்மா கரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் முகம் கழுவப் படகுத்துறைப் பக்கம் போனேன். அந்தப் பொரிக்கார அம்மாள் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

"பிடிச்சுப் பிடிச்சு விடறவன் எங்க? உங்க அண்ணன். காணவே காணோமே?"

கொஞ்சம் தள்ளி மாமா காரியம் முடித்த ஈர வேட்டியோடு நின்றிருந்தார். அதை அவர்கள் கவனிக்கவில்லை.

"அவன வரச் சொல்லு பாப்பா. அன்னிக்குப் பாதிதான் திட்டினேன்."

"சொல்றேம்மா" என்றேன். எனக்கே கேட்கும்படி சத்தமாக வந்தது. அம்மா திரும்பிப் பார்த்தாள்.

ஊதாப் பூச்சி என் சாப்பாட்டுப் பையின் உள்பக்கத்தில் குத்தியிருக்கிறது. முள் இல்லாததால் அடிக்கடி கழன்று விழுகிறது. தேடியெடுத்து மறுபடியும் குத்துகிறேன். நீ வந்து வாங்கிக்கொள்ளப் போவதில்லை. எனக்குத் தெரியும், அண்ணா. ஆனாலும் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன், அதனால் சொல்கிறேன்.

அந்த அம்மாள் உன்னை வரச் சொன்னார்கள். மீதியையும் திட்ட வேண்டுமாம்.