ஷெல்லின் தலையில் போட்ட பழி

என் செல்லத் தம்பி சேந்தனுக்கு,

உன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டோமடா. ஆணி மட்டும் நிற்கிறது. எனக்குக் கலியாணம் பேசி வட்டுக்கோட்டையிலிருந்து ஆட்கள் வந்தார்கள், அதற்காகத்தான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டே, "பொடியன் ஒருத்தன் இருந்தவனாமே, என்ன நடந்தது?" என்று கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஷெல் குண்டு பட்டுச் செத்தவன்" என்றார்.

கிணற்றடியில் சறுக்கி விழுந்து, இரத்தம் உறையாமல் போனவனல்லவா நீ? ஷெல் பரம்பரையில் வராது பார், அதனால் பழியை அதன் தலையில் போட்டுவிட்டோம்.

அந்த மனுசி என் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். "என்ரை மூத்தவனும் ஷெல்லிலைதான் பிள்ளை போனவன்." உயிரியல் படித்த நான், வாயில் கொழுக்கட்டை வைத்தவள் போல இருந்தேன். சீ, என்ன பிறவி நான்!

மண்ணில் கோடு கீறி உனக்கு விளங்கப்படுத்தினேனே, நினைவிருக்கிறதா? இரத்தத்தை உறையவைக்கும் பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில், அதுதான் எக்ஸ் குரோமோசோமில், இருக்கிறது. பெண்ணுக்கு அதில் இரண்டு. ஒன்று பழுதென்றாலும் மற்றது சமாளித்துவிடும். ஆணுக்கு ஒன்றுதான், அதுவும் தாயிடமிருந்து வருவது. "அப்ப அம்மா தெரியாமல் தந்தவவோ?" என்று கேட்டாய். ஓம் என்றேன். "அவவிட்டைச் சொல்லிப்போடாதை அக்கா, அழுவா" என்றாய்.

அம்மாவின் இரண்டில் எது எனக்கு வந்தது? தெரியாது. பழுதானது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்திருந்தால் எனக்குப் பிறக்கும் ஒவ்வொரு பொடியனுக்கும் மறுபடி பாதிக்குப் பாதி. அந்த மனுசி மடியில் வைத்துக் கொஞ்சப்போகும் பேரன் அவன். கரண்டே இல்லாத இந்த ஊரில் அவனுக்கு மருந்துக்கு எங்கே போவது?

ஆட்கள் போனதும் அம்மாவோடு சண்டை பிடித்தேன். "என்னாலை ஒரு பிள்ளை போனது காணாதோ? உன்ரை வாழ்க்கையும் பாழாய்ப் போகவோ?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவருக்கு எல்லாம் தெரிந்தேயிருக்கிறதடா. அம்மா தெரிந்தா தந்தார்? நான் தெரிந்துதானே வாய் மூடினேன்.

நாளை காலை சைக்கிளில் வட்டுக்கோட்டைக்குப் போகிறேன். அந்தத் தாயிடம் உன் நோயையும் சொல்வேன், என்னுள்ளும் அது இருக்கலாம் என்பதையும் சொல்வேன். கலியாணம் குழம்பினால் குழம்பட்டும். திரும்பி வந்ததும் உன்னை அதே ஆணியில் மாட்டுவேன், இது சத்தியம்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இப்போது எட்டிப் பார்த்தேன், முந்தானையால் உன் படத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

அதே தாயின் இரத்தத்தில் பங்கு வாங்கிய
உன் அக்கா