ஒரு வாய் இலைக்கஞ்சி

என் உயிரான வாப்பாவுக்கு,

"குடிங்க வாப்பா" என்று அன்று நான் சொல்லவில்லை.

ஆண்கள் நீங்கள் அடங்கியிருக்கும் மையவாடிக்கு வந்து உங்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பெண்ணான எனக்கு இப்படி எழுதத்தான் முடிகிறது.

பல்லேபொல வீட்டில் காலை என்றாலே உங்கள் இலைக்கஞ்சியின் மணம்தான். வல்லாரை, பொன்னாங்காணி, முசுட்டை என்று நீங்களே பறித்து, இடித்துப் பிழிந்து, சிவப்பரிசியோடு காய்ச்சுவீர்கள். சிறுநீரகம் பழுதானதும் கிளினிக் டொக்டர் முதலில் நிறுத்தச் சொன்னது அதைத்தான். அந்தச் சாற்றிலுள்ள பொட்டாசியத்தை இனி உங்கள் உடம்பு தாங்காது என்றார்.

"ஆட்டுக்கு ஹலால், எனக்கு ஹராம்" என்று சிரித்தீர்கள்.

ஆனாலும் காய்ச்சுவதை நிறுத்தவில்லை. எனக்கும் உம்மாவுக்கும் ஊற்றித் தருவீர்கள். நாங்கள் கருப்பட்டியைக் கடித்துக் கடித்துக் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

"ஒரு வாய் தாங்க மகள்."

"டொக்டர் ஏசுவார் வாப்பா."

தினமும் இதே கேள்வி, இதே பதில். நமக்குள் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்த அன்று, வார்டுக்கு வெளியே டொக்டர் என்னைத் தனியாக அழைத்தார். "இனிப் பத்தியம் ஒன்றும் வேண்டாம். ஆசைப்படுறதக் குடுங்க" என்றார். உம்மா எனக்கென்று அனுப்பிய கஞ்சி என் பையில், ப்ளாஸ்கில் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

"எல மணக்குது. ஒரு வாய் தாங்க மகள்" என்றீர்கள்.

'குடிங்க' என்று சொன்னால் உங்களுக்கு எல்லாம் விளங்கிவிடும். அதனால் வழக்கம்போல, "டொக்டர் ஏசுவார் வாப்பா" என்றேன்.

உங்கள் முகம் தெளிந்தது. "இன்னும் ஏசுறாரா? அப்ப நான் ஊட்டுக்கு வருவேன்."

நம்பித்தான் சொன்னீர்களா வாப்பா? இல்லை, எனக்காக நம்பியதுபோல் காட்டினீர்களா?

வல்லாரை இப்போது மிளகுக்கொடிகளின் அடிவரை படர்ந்துவிட்டது. உம்மாவின் பிரஷர் குறைந்திருக்கிறது. இலை பறிப்பதும் காய்ச்சுவதும் நான்தான். "வாப்பாட கை ஒனக்கு வராது, கசக்குது" என்கிறார் உம்மா. ஆனால் கோப்பையில் மிச்சம் வைப்பதில்லை. எனக்குத்தான் நெடுநாள் தொண்டைக்குள் எதுவும் இறங்கவில்லை. இனி அப்படிக் கிடக்கமாட்டேன். உம்மாவையும் என்னையும் எந்தக் காலையிலும் வெறும் வயிற்றோடு விடமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

அன்று லுஹர் தொழுகைக்கு முன் நீங்கள் மவுத்தானீர்கள். வீட்டுக்கு வந்து ப்ளாஸ்கைத் திறந்தேன். கஞ்சி இன்னும் சூடாகவே இருந்தது.

உங்கள் ஒரே மகள்