நூலகத்து மரத்தில் அம்மா

என் செல்லப் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம், தோள்பட்டை நீங்கலாக அப்பாவும் நலம், வேன் மட்டும் காலையில் கிளம்ப அடம்பிடிக்கிறது, மற்றபடி வீட்டில் ஒரு குறையும் இல்லை. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நேரத்தில் தூங்கி நல்லபடியாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ நடுவில் நடுவில் "ஐயோ அம்மா, ஐயோ அம்மா" என்று கத்துவாய், என்னால் கோர்வையாகச் சொல்ல முடியாது. அதனால் முதலில் உட்கார். உட்கார்ந்துவிட்டாயா? உன் அம்மா மரம் ஏறிவிட்டாள்! ஏணி வைத்து முதல் கிளை வரைக்கும் என்று நினைக்காதே. கயிற்றில் தொங்கி, இடுப்பில் ரம்பத்தை மாட்டிக்கொண்டு, நூலகத்துக் கூரைக்கும் மேலே போய் வேலை செய்துவிட்டு இறங்கி வந்திருக்கிறேன். இன்னும் கால் தரையில் பாவவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் அது பயத்தில் இல்லை, சந்தோஷத்தில்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுத் தோழியோடு சேர்ந்து சைக்கிள் பழுது பார்க்கும் கடை போடட்டுமா என்று போன மாதம் அப்பாவிடம் கேட்டாயே, அவர் "லைன் சரியில்ல" என்று போனை என் கையில் திணித்துவிட்டு நகர்ந்துவிட்டாரே, லைன் நன்றாகத்தான் இருந்தது. அவருக்குத்தான் வாய் வரவில்லை. அதற்கப்புறம் நீயும் வீம்புக்கு அவரைக் கேட்காமலே போனை வைத்துவிடுகிறாய், அவரும் போன் அடித்தால் செருப்பைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். அவருக்கு உன்மேல் கோபம் என்று மட்டும் நினைத்துவிடாதே. ஏன் வாய் வரவில்லை என்று எனக்கே இந்த வாரம்தான் புரிந்தது.

இத்தனை வருஷம் மரம் ஏறிக் கிளை வெட்டித் தேய்ந்த அப்பாவின் வலது தோள் உனக்குத் தெரிந்த கதை. தலைக்கு மேலே கையைத் தூக்கி ரம்பம் பிடிக்கவே கூடாது என்று டாக்டர் அடித்துச் சொல்லியும் இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். சரி, இவரோடு பேசிப் பயனில்லை என்று மரம் ஏறப் பழக்கும் பயிற்சிக்கூடத்தில் நானே போய்ச் சேர்ந்துவிட்டேன். வீட்டில் நீச்சல் வகுப்பு என்று சொல்லிவைத்தேன், உன்னிடமும் அதையேதான் அளந்தேன். நம் ஒட்டடைக்குச்சி இருக்கிறாரே, வெட்டின கிளையெல்லாம் இழுத்துக்கொண்டு போய் அரைக்கிற மெஷினில் விடுகிறவர், அவர்தான் மோப்பம் பிடித்துவிட்டார். "அக்கா, நீச்சலுக்குப் போய்ட்டு தலை காஞ்சே வருது, முழங்கை மட்டும் சிராய்ச்சிருக்கு, குளத்துல தண்ணியே இல்லையா?" என்று கேட்டார். உன் அப்பாவோ, ஒரு மரத்தில் நாலு இலை பழுத்தால் தெருமுனையிலிருந்தே சொல்லிவிடுவார், பெண்டாட்டி உடம்பெல்லாம் சிராய்ப்போடு வந்து நின்றால் கண்ணில் படாது. தேர்ச்சி பெற்றதற்கான அட்டையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தபோதுதான் விழித்தார். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ மேல போனா கீழ யாரு?" என்று மட்டும் கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது, அட்டை சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. நீ சின்ன வயதில் பார்த்திருப்பாய், மறந்திருந்தால் சொல்கிறேன். பெரிய கிளையை அப்படியே வெட்டி விழவிட முடியாது. அதில் ஒரு கயிற்றைக் கட்டி, மேலே ஒரு கப்பி வழியாக விட்டு, கீழே அடிமரத்தில் சுற்றி ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். வெட்டியதும் பாரம் மொத்தமும் அந்தக் கயிற்றில் வந்து இறங்கும், கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் தரையில் இறக்குவது கீழே இருப்பவர் பொறுப்பு. மேலே இருப்பவர் "வெட்டறேன்" என்று குரல் கொடுக்க வேண்டும், கீழே இருப்பவர் "கீழ தயார்" என்று பதில் சொல்ல வேண்டும், பதில் வராமல் ரம்பம் ஓடக்கூடாது. கல்யாணம் ஆனதிலிருந்து அப்பா மேலே, நான் கீழே. ஒட்டடைக்குச்சியிடம் கயிற்றைக் கொடுக்க முடியாது, ஒருதரம் கொடுத்துப் பார்த்ததில் கிளை கீழே வந்தது, அவர் மேலே போனார்.

இப்போது நூலகத்துக்கு வருகிறேன். படிக்கும் கூடத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டிருக்கிறார்கள், அதற்கு மேலே ஒரு பெரிய மரம் கவிந்து நிற்கிறது. போன தடவை அடித்த காற்றில் அதில் ஒரு கிளை அடியில் பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய கம்பெனிக்காரர்கள் கிரேனோடு வந்து பார்த்து, கிளையை மட்டும் எடுப்பது ஆகாத வேலை, மரத்தையே அடியோடு வெட்டிவிடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நூலகத்தைக் கவனித்துக்கொள்கிற அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை, நம்மைக் கூப்பிட்டார். அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்து, "மரம் கல்லு மாதிரி இருக்குங்க, அந்த ஒரு கிளை போனா போதும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். முந்தாநாள் காலையில் போனோம். அப்பா ஏறினார். கிளைக்குப் பக்கத்தில் போய் ரம்பத்தைத் தூக்கினார், கை பாதியிலேயே நின்றுவிட்டது. மறுபடி தூக்கினார், முடியவில்லை. இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வேனின் படியில் உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்கு நாங்கள் திரும்பிப் போயிருந்தால் மறுநாள் கிரேன் வந்திருக்கும், மரமும் போயிருக்கும், இவர் மனசும் ஒடிந்திருக்கும். நான் அவரைக் கேட்கவே இல்லை, இடுப்புப் பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். "கீழ நீங்க" என்று கயிற்றை அவர் கையில் கொடுத்தேன். ஒட்டடைக்குச்சி திறந்த வாயை மூடவில்லை.

ஏறும்போது பயமே இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், நானும் நம்பமாட்டேன். ஆனால் மேலே போய் உட்கார்ந்ததும் என்ன காற்று, என்ன வெளிச்சம்! இத்தனை வருஷம் இந்த மனுஷன் இதையெல்லாம் தனியாகவே அனுபவித்திருக்கிறார் என்று பொறாமையாகக்கூட இருந்தது. காலுக்குக் கீழே கண்ணாடிக் கூரை பளபளவென்று. உள்ளே இருந்தவர்களையெல்லாம் அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டார்கள், அவர்கள் அங்கே ஜன்னலில் முண்டியடித்து நிற்கிறார்கள். கிளையைக் கட்டினேன், முடிச்சை இழுத்துப் பார்த்தேன், "வெட்டறேன்" என்று குரல் கொடுத்தேன். பதில் இல்லை. மறுபடி கத்தினேன். பதில் இல்லை. குனிந்து பார்த்தால் உன் அப்பா அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. இதில் கயிற்றைக் கையில் வேறு சுற்றிக்கொண்டிருக்கிறார்! கையில் சுற்றினால் கிளையோடு கையும் போகும் என்று எனக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். "என்னங்க, கையில சுத்தாதீங்க, அவுத்து விடுங்க முதல்ல" என்று நான் மேலேயிருந்து போட்ட சத்தத்தில் ஜன்னலில் நின்றவர்கள் எல்லாரும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டார்கள். அவிழ்த்தார். ஆனாலும் பதில் வரவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மேலே இருப்பவருக்குக் கையில் வேலை இருக்கிறது, பயப்பட நேரம் இல்லை. கீழே நின்று "ஆகட்டும், வெட்டு" என்று சொல்கிறவருக்குத்தான் உயிர் போய் உயிர் வரும். அந்த உயிர்ப்பயத்தை விழுங்கிக்கொண்டுதான் நான் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன், எனக்குப் பழகிவிட்டது. அவருக்கு அது முதல் தடவை. அவசரப்படுத்தக் கூடாது என்று தெரிந்தது. ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, "நான் இங்கேயே குடித்தனம் பண்ணிக்கிறேன், நீங்க சாயங்காலமா சொல்லுங்க" என்றேன். அவ்வளவுதான், வந்ததே கோபம், "கீழ தயார்!" என்று ஒரு கத்து கத்தினார் பாரு! நூலகத்தில் யாரும் அப்படிக் கத்தியிருக்க மாட்டார்கள். நான் வெட்டினேன். கிளை முனகிக்கொண்டு சாய்ந்தது, ஒரு ஆட்டம் ஆடியது, கண்ணாடிக்கு ஒரு முழம் மேலே அப்படியே நின்றது, பிறகு அப்பா விடவிட மெல்ல விலகி, சமையல் மேடையில் பாத்திரத்தை வைக்கிற மாதிரி சத்தமில்லாமல் புல்லில் போய் உட்கார்ந்தது. ஒரு கீறல் கிடையாது! நூலகத்து அம்மா கைதட்டினார், ஒட்டடைக்குச்சி விசிலடித்தார். மிச்சத்தையும் துண்டு துண்டாக இறக்கினோம், ஒவ்வொன்றுக்கும் பதில் டாண் டாணென்று வந்தது. மரம் ஜம்மென்று நிற்கிறது.

இறங்கி வந்ததும் என் தோளில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு, "இத்தனை வருஷமா இப்படித்தான் நின்னியா?" என்று கேட்டார். "பின்ன?" என்றேன். வேன் வீட்டுத் தெருவில் திரும்பும்போது அப்பா, "சைக்கிள் வேலைக்குக் கையுறை வேணும் இல்ல? கிரீஸு கையெல்லாம் ஏறிடும்" என்றார். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன், நான் சிரிப்பதை அவர் பார்க்க வேண்டாம் என்று.

ஆகவே உன் உள்ளங்கையை ஒரு நூலால் சுற்றி அளந்து, அளவைத் தவறாமல் எழுது, மறந்துவிடாதே. கடைக்கு இடம் பார்த்தால் வெளிச்சம் வருகிற இடமாகப் பார், தோழியோடு எல்லாவற்றையும் முதலிலேயே மனம்விட்டுப் பேசிக்கொள், ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் தட்டிக்கழிக்காதே. தொட்டதெல்லாம் உனக்குக் கூடி வரட்டும், உடம்பும் மனசும் தெம்பாக இருந்து நீ சிரித்த முகமாக வாழ வேண்டும் என்று நெஞ்சார வாழ்த்துகிறேன். என்ன எழுதுகிறேன் என்று அப்பா தோளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்க்கிறார். கடிதமே எழுதாத மனுஷன், இதோ பேனாவைக் கேட்கிறார், கொடுக்கிறேன்.

உன்,
மரம் ஏறிய அம்மா

பாப்பா, கீழ தயார்.
அப்பா