விமான நிலையத்தில் வேலை செய்யாத மச்சாளுக்கு

பெருமதிப்புக்குரிய மச்சாள் அவர்களுக்கு,

வணக்கம். இம்மடல் தாமதமாக வருவதற்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். நீங்கள் மருத்துவமனையில் இருந்தபோதே எழுதியிருக்கலாம். நாள்தோறும் உங்கள் கட்டிலருகில் அமர்ந்திருந்தவளுக்குக் கடிதம் எழுதும் அவசியம் தோன்றவில்லை. இன்று தோன்றியிருக்கிறது.

காலையில், பாரிஸ் ரூ காய் தெருவிலுள்ள அச்சகத்திலிருந்து உங்கள் கல்வெட்டு வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை, உங்கள் முப்பத்தோராம் நாள் மதிய உணவுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கவேண்டிய நினைவுப் புத்தகம். பெட்டியைப் பிரித்ததும் மையின் வாடை முகத்தில் அடித்தது. அட்டையில் மாம்பழ நிறப் பட்டுச்சேலையில் நீங்கள். உள்ளே நான் எழுதிக் கொடுத்த வாழ்க்கை வரலாறு, அதன் அடியில் என் பெயர். நடுவில் ஒரு வரி: "நெடுங்காலம் விமான நிலையத்தில் பணியாற்றி, குடும்பத்தின் விளக்காகத் திகழ்ந்தார்."

அந்த வரியை நான் எழுதவில்லை, மச்சாள்.

நான் எழுதியது இது: "ஷாம்பாஞ் பிரதேசத்து அரச கல்லூரியில் திராட்சைச் செய்கையும் வைன் ஆக்கமும் கற்றுத் தேறி, அங்குள்ள கூட்டுறவு ஆலையொன்றில் இறுதிவரை பணிபுரிந்தார்." லா சப்பல் பகுதித் தமிழர்களில் யார் காலமானாலும் கல்வெட்டு எழுத என்னிடம்தான் வருவார்கள். என் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு இடம்பெயர்ந்து போயிற்று. அதன்பின் தமிழும் பிரெஞ்சும் நானாகத் தேடிப் படித்தவை. என் வாக்கியங்களுக்கு ஆசிரியர் யாரும் பொறுப்பில்லை, நானே பொறுப்பு. என் பெயருக்கு மேலே பொய் அச்சாகியிருக்கிறது.

உடனே உங்கள் கணவரை, என் உடன்பிறந்த அண்ணையை, அழைத்தேன்.

"ஆர் அண்ணை உதை மாத்தினது?"

"நான்தான். ஏன், எழுத்துப் பிழையே?"

"பொய் அண்ணை, அது."

"பொய்யோ? இவ்வளவு வருசமும் சனத்துக்கு நான் சொன்னது அதைத்தானே. இப்ப செத்தாப்பிறகு வேறை கதை போட்டா, நானெல்லோ பொய்யன்!"

"பொய்யன்தானே."

"வாயை மூடு. பிள்ளைக்குக் கலியாணம் பேசுற நேரம். தாய் சாராயம் வடிக்கப் படிச்சவ எண்டு புத்தகம் அடிக்கச் சொல்லுறியே?"

வீட்டுக்குப் போய், உங்கள் மகளிடம் நானே கேட்டேன். தன் தாய் படித்ததைப் பார்த்து முகம் சுளிக்கிற வீட்டுக்குத் தான் மருமகளாகப் போகப் போவதில்லை என்று பிரெஞ்சில் சொன்னாள். தகப்பன் பக்கத்தில்தான் நின்றார். அந்த நேரம் பார்த்து அவருக்குப் பிரெஞ்சு விளங்காமல் போய்விட்டது.

இரண்டாயிரத்து ஒன்பது செப்டெம்பரை நினைக்கிறேன். அந்த ஆண்டு மே மாதம் ஊரில் போர் முடிந்த பிறகு, தொலைபேசி அடித்தால் எடுக்கப் பயந்து வீட்டுக்குள் கிடந்தோம். திராட்சை பறிக்க ஆள் சேர்க்கிறார்கள் என்றதும் "வாரும் மச்சாள், இஞ்சை கிடந்தால் விசர்தான் பிடிக்கும்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு அவர்களின் வான் வண்டியில் ஏறினீர்கள். சரிவில் குனிந்து குனிந்து நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திட்ட, நீங்களோ கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு நிரையில் குலை பெருத்தும் அடுத்ததில் சிறுத்தும் இருப்பது ஏன் என்று மேற்பார்வைப் பெண்ணைக் கேட்டுக்கொண்டு நின்றீர்கள். இரண்டாம் வாரம் அந்தப் பெண் களைத்துப்போய், "இதையெல்லாம் சொல்லித்தர ஒரு கல்லூரி இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள்" என்றாள். அவள் பகிடியாகச் சொன்னதை நீங்கள் விலாசமாக எடுத்துக்கொண்டீர்கள்.

மலையடிவாரத்தில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, வேலை செய்கிறவர்களும் படிக்கக்கூடிய கல்லூரி. பிரதேச நிர்வாகமே பெரும்பகுதியைப் பொறுப்பேற்றதால் கட்டணம் சொற்பம். கோயில் திருவிழாவில் தன் பெயரை ஒலிபெருக்கியில் கேட்பதற்கு அண்ணை கட்டுகிற உபயத்தைவிடக் குறைவு. ஆகவே செலவைக் காட்டி மறுக்க அவரால் முடியவில்லை. "போறதெண்டால் போ. ஆனா ஆர் கேட்டாலும் ஏர்போர்ட்டிலை வேலை எண்டு சொல்லு" என்றார்.

மது ருசி பார்க்கும் வகுப்பு வெள்ளிக்கிழமைகளில். உங்களுக்கோ வெள்ளிக்கிழமை விரதம். என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். "விழுங்கினாத்தானே மச்சாள் விரதம் முறியும்? அங்கை எல்லாரும் துப்பத்தான் வேணும். இந்தக் கல்லூரி எனக்கெண்டே கட்டினது" என்றீர்கள். முதல் தேர்வில் நீங்கள் தவறியதும் மூக்கினால் அல்ல. கிண்ணத்தில் எழும் மணத்துக்கு அவர்கள் சொல்லும் பழங்களை நீங்கள் கண்ணாலும் கண்டதில்லை. அடுத்த சனிக்கிழமை மெட்ரோப் பாலத்தின் கீழ்ச் சந்தையில், பெயர் தெரியாத பழங்களை ஒவ்வொன்றாக மூக்கில் வைத்து, கடைக்காரன் "அம்மா, இது பூ இல்லை" என்று கத்தும்வரை நின்றீர்கள். பெயர்களை நான் வாசித்தேன், நீங்கள் கண்ணை மூடி மணந்தீர்கள். நாம் இருவரும் சேர்ந்து படித்த படிப்பு அது.

வெளியே கதை கசியாமல் இருக்குமா? "தம்பதியிலை ஒராள் குடிக்கிறது, ஒராள் காய்ச்சுறது, நல்ல பொருத்தம்" என்று ஒரு கலியாண வீட்டில் யாரோ சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். அண்ணை எங்கே நின்றார் தெரியுமா? மண்டபத்துக்குப் பின்னால், கார் டிக்கியைத் திறந்து, மற்ற ஆண்களோடு விஸ்கி ஊற்றிக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, வாய் மணக்க மணக்க, "ஆர் சொன்னது? என்ரை மனிசி ஏர்போர்ட்டிலை" என்று சத்தியம் செய்தார்.

அந்தச் சத்தியத்துக்கு நீங்கள் ஓர் ஆண்டைக் கொடுத்தீர்கள். இறுதித் தேர்வுக்குப் புறப்பட்ட காலை, கோயில் நிர்வாகத்தில் இருப்பவரின் மனைவி உங்களைத் தெருவில் பிடித்துக்கொண்டார். அவருக்கு உண்மையாகவே விமான நிலையத்தில் வேலை.

"நீங்களும் அங்கைதானே? வாங்கோ, ஒண்டாப் போவம். எந்த ரேர்மினல்?"

"ரெண்டு."

"நானும் ரெண்டுதான்! ஒருநாளும் கண்டதில்லையே?"

கல்லூரிக்குப் போகும் உங்கள் ரயில் கார் து லெஸ்ட் நிலையத்தில் நின்றது. நீங்கள் அவரோடு, விமான நிலைய ரயில் புறப்படும் கார் து நோர் நிலையத்துக்கு நடந்தீர்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பலாம் என்று எண்ணி ஏறினீர்கள். அது இடையில் எங்கும் நில்லாத ரயில். கடைசிவரை போய்த் திரும்பியபோது தேர்வு முடிந்துவிட்டிருந்தது. அடுத்த தேர்வு அடுத்த ஆண்டுதான்.

"இண்டைக்குத்தான் மச்சாள் முதல்முதலா வேலைக்குப் போட்டு வந்தனான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றும் வரவில்லை. அந்தப் பெண்மணியிடம் "எனக்குத் தேர்வு இருக்கிறது" என்று சொல்ல மூன்று சொற்கள் போதும். ஏன் சொல்லவில்லை என்று நான் சண்டை பிடித்தபோது, "விடும் மச்சாள், அந்த மனிசன் தலை நிமிந்து நடக்கட்டும்" என்றீர்கள். அவர் நிமிர்ந்துதான் நடந்தார். நீங்கள்தான் அடுத்த ஆண்டு தேறிய பிறகும், ஆலையில் வேலை கிடைத்த பிறகும், அந்தத் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துக் கடந்தீர்கள். எனக்கு அண்ணைமேல் கோபம். உங்கள்மேலும் கோபம். இறந்தவர்மேல் கோபிக்கக்கூடாது என்கிறார்கள். உயிரோடிருந்தபோது கோபித்து என்ன கண்டேன்?

ஆனால் மருத்துவமனையில் ஒரு தாதி உங்கள் தொழில் என்னவென்று கேட்டதை நான் மறக்கவில்லை. அண்ணை "விமான நிலையம்" என்று தொடங்கினார். நீங்கள் முகக்கவசத்தை ஒரு கையால் விலக்கி, "வைன் ஆலையில். படித்துப் பட்டம் பெற்றவள்" என்று பிரெஞ்சில், ஒரு சொல்லும் பிழையில்லாமல் சொன்னீர்கள். அண்ணை சன்னலைப் பார்த்தார்.

அதை நம்பித்தான் இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கல்வெட்டை வெளியிட்டுப் பேசும்படி என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள். நான் எழுதிய அசல் பக்கம் என் கைப்பையில் இருக்கிறது. கோயில் நிர்வாகத்தாரும் சம்பந்தம் பேச வருகிறவர்களும் அண்ணையும் இருக்கும் சபையில் அதை வாசிக்க எண்ணுகிறேன். அதன்பின் அண்ணை என்னோடு பேசமாட்டார். அவர் எனக்கு ஒரே அண்ணை. அதுவும் எனக்குத் தெரியும்.

இந்த நாட்டு அலுவலகங்களில், குறித்த காலத்துக்குள் பதில் வராவிட்டால் பெரும்பாலும் மறுப்பு என்று கொள்வார்கள். நம்மிருவருக்கும் இடையில் அந்த வழக்கம் வேண்டாம். பதில் வராவிட்டால் சம்மதம் என்றே கொள்வேன்.

ஆகவே, வேண்டாமென்றால், ஞாயிற்றுக்கிழமைக்கு முன் விரைவாகப் பதில் எழுதுங்கள்.