விருப்பமா என்று கேட்டவருக்கு

என் ஹருமி அக்காவுக்கு,

நீங்கள் இருந்த நாளெல்லாம் உங்களை மிஸ் என்றுதான் கூப்பிட்டேன். அக்கா என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எதற்குத்தான் வாய் வந்தது? உங்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு யப்பான் மொழி தெரியாது. நாங்கள் பேசிய அரைகுறை ஆங்கிலத்தில் இதையெல்லாம் எழுத முடியாது.

புற்றுநோய் உங்களைக் கொண்டுபோன பிறகு வரும் முதல் பனி மாரி இது. சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ற் மறுபடி பழுது. எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு நாங்கள் இங்கே ரொறன்ரோவுக்கு வந்துவிட்டோம், அப்பா இன்னும் யாழ்ப்பாணத்தில்தான். அம்மா பின்னேரம் தையல் ஃபாக்டரிக்குப் போகிறா. தம்பியையும் சமையலையும் பார்க்கத்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். சனிக்கிழமை காலையில் ஐஸ் சறுக்கு அரங்குக்கு வந்து சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்கேற் கட்டிவிடும் வேலை மட்டும்தான் எனக்கு வெளிவாசல்.

முதல் நாள் நினைவிருக்கிறதா? ஐஸில் அழுதுகொண்டிருந்த ஒரு பிள்ளையைத் தூக்கிவரச் சொன்னீர்கள். பனி உருக வீதியில் கொட்டும் உப்பும் சேறும் அப்பிய சப்பாத்தோடு அந்த வெள்ளைத் தரையில் எப்படிக் கால் வைப்பது? கழற்றிவிட்டு வெறும் சொக்ஸோடு இறங்கினேன். தாய்மார் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் வீட்டிலும் சப்பாத்து வாசலோடு நின்றுவிடும் என்று சொல்லி, என் கையைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தீர்கள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் கதை வந்தது. நடக்கப் பழகிய கையோடு அப்பா உங்களை ஐஸில் இறக்கிவிட்டார். விடியமுன் பயிற்சி, காய்ச்சலிலும் பயிற்சி. பெரிய போட்டிக்குப் புறப்பட்டபோது ஊரே ஸ்ரேஷனில் கொடி பிடித்து நின்றது. போட்டியில் விழுந்தீர்கள். திரும்பும் ரயிலில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னொரு பருவம் பழகுவதற்கென்று ரொறன்ரோ வந்து, முழங்கால் போய், தோற்றவளாக ஊரில் இறங்கக் கூச்சப்பட்டு, இங்கேயே பயிற்றுநராக நின்றுவிட்டீர்கள். அத்தனை வருடத்தில் உனக்கு இதில் விருப்பமா என்று ஒருவரும் கேட்கவில்லை என்றீர்கள்.

அதனால்தானா ஒவ்வொரு வகுப்பிலும் ஒவ்வொரு பிள்ளைக்கு முன்னாலும் குந்தியிருந்து, இன்றைக்கு இறங்க விருப்பமா என்று கேட்டீர்கள்? இல்லை என்ற பிள்ளையைக் கரையோர வாங்கில் இருக்க விட்டீர்கள். பெற்றோர் முறைப்பாடு செய்தும் நீங்கள் மாறவில்லை. ஒருநாள் எனக்கு முன்னாலும் குந்தினீர்கள். ஓம் என்று சொல்ல எனக்குச் சில கிழமைகள் பிடித்தன. அதற்குப் பிறகு வகுப்பு முடிய நீங்களே எனக்கும் ஸ்கேற் பழக்கினீர்கள்.

இப்போது மனேஜர் உங்கள் குட்டிப் பிள்ளைகளின் வகுப்பை என்னையே பார்க்கச் சொல்கிறார். அதே கிழமை மொன்றியலிலிருந்து ஒரு சம்பந்தம். ஞாயிறு பொம்பிளை பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளைக்கு என் படம் பிடித்துவிட்டதாம். அவருடைய படத்தை எனக்கு இன்னும் காட்டவில்லை.

வகுப்பைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவ நிமிரவில்லை.

"ஐஸில விழுந்து காலை முறிச்சியெண்டால் ஆர் உன்னைக் கட்டுறது?"

"அம்மா, என்னையும் ஒருக்காக் கேளுங்கோவன்."

கத்தி நின்றது.

"கேட்டா என்ன சொல்லுவாய்?"

"கலியாணம் வேண்டாமெண்டு சொல்லுவன்."

அம்மா மிச்ச வெங்காயத்தையும் வெட்டி முடித்து, கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனா. அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. மொன்றியல்காரரை வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. உங்கள் அப்பாவின் ரயிலில் நானும் ஏறிவிட்டேனா, அக்கா? ஞாயிற்றுக்கிழமை சேலை உடுத்து, தேத்தண்ணித் தட்டோடு போய் நிற்கத்தான் வேண்டியிருக்கும். அவர்கள் முன்னால் அந்த 'வேண்டாம்' வாயில் வருமா, தெரியாது.

ஆனால் சனி அதற்கு முதல் வருகிறது. அன்று காலை தம்பியையும் கூட்டிக்கொண்டு வருவேன். உங்கள் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்வேன். ஒருவரையும் கையைப் பிடித்து இழுத்து இறக்க மாட்டேன். இது சத்தியம்.

உங்கள் தங்கை,
சென் ஜேம்ஸ் ரவுண் சுகந்தி